குரோஷா சதுரங்கள் ஒரே அளவில் வரவில்லை

கீழக்கரை_கண்ணி: நூல்கடையில் சனிக்கிழமை எட்டுப் பேர் கூடி ஒரே போர்வைக்குச் சதுரம் போடுறோம். 4 பிளை தடிமன் காட்டன் நூல், 3.5 மி.மீ. கொக்கி ஊசி, ஆறு சுற்று. ஆனா சிலருக்கு 12 செ.மீ., சிலருக்கு 13.5. இணைச்சா ஓரம் சுருங்குது. உல்லனுக்கு மாறணுமா?

பாம்பன்_நூல்: வேண்டாம்ங்க. கடற்கரைப் புழுக்கத்துக்குக் காட்டன்தான் சுகம். காரணம் கை இறுக்கம். எல்லாருக்கும் ஒரே ஊசி கொடுக்காதீங்க, ஒரே அளவைக் கொடுங்க: 13 செ.மீ. சின்னதா வர்றவங்க 4 மி.மீ., பெரிசா வர்றவங்க 3 மி.மீ. எடுக்கட்டும். கொக்கிக்குக் கீழே ஒடுங்கின கழுத்துல நூலைச் சுத்தினா கண்ணி சிறுத்துடும். தடிச்ச தண்டுலதான் கண்ணி உருவாகணும். பெரும்பாலும் தப்பு இங்கேதான்.

முடிஞ்ச 12 செ.மீ. சதுரத்தை நனைச்சுப் பிழிஞ்சு, தெர்மாகோல்ல 13-க்கு இழுத்துக் குத்திக் காய வைங்க. எவர்சில்வர் குண்டூசி மட்டும். உப்புக் காத்துல சாதா குண்டூசி துருப்பிடிச்சா அந்தக் கறை லேசுல போகாது. 13.5-ஐ இப்படிச் சுருக்க முடியாது. கடைசிச் சுற்றைப் பிரிச்சுச் சின்ன ஊசியில போடுங்க.

மண்டபம்_அக்கா: சிவப்பு, கருநீலம் இருக்கா? துண்டு நூலை நனைச்சு வெள்ளைத் துணியில சுருட்டி ராத்திரி வைங்க. சாயம் ஒட்டினா அந்த நூலே வேண்டாம். வினிகர் காட்டன் சாயத்தைப் பிடிச்சு வைக்காது. நூல்கண்டுச் சீட்டுல லாட் எண்ணும் (ஒரே தடவையில சாயம் போட்ட நூலுக்கான எண்) ஒண்ணா இருக்கணும்.

கீழக்கரை_கண்ணி: பாம்பன்_நூல் சொன்ன மாதிரி கொக்கிக் கழுத்துலதான் சுத்துறாங்க, மூணு பேர்!