ஃபோர்செப்ஸ் வந்ததால்தான் ஆண்கள் பிரசவம் பார்க்க வந்தார்களா?

நூலகப்பூனை:

மருத்துவ வரலாறு எனக்கு ஒரு பாடம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மருத்துவச்சிகளின் இடத்துக்கு ஆண்கள் எப்படி வந்தார்கள் என்பதற்குக் குறிப்பேட்டில் ஒரே வரிதான்: ஃபோர்செப்ஸ் (குழந்தையின் தலையைப் பிடித்து வெளியே எடுக்கும் இடுக்கி) வந்தது, ஆண்கள் வந்தார்கள். எனக்கு இது உதைக்கிறது. அதைச் செய்த சேம்பர்லென் குடும்பம் நூறு வருடத்துக்கு மேல் அதை வெளியே காட்டவே இல்லை. யாருக்கும் தெரியாத கருவி ஊர் வழக்கத்தை எப்படி மாற்றும்? பெண்கள் மட்டுமே இருந்த அறைக்குள் அந்நிய ஆணை விட யார் சம்மதித்தார்கள்?

லேபர்வார்டு சிஸ்டர்:

சந்தேகம் நியாயம்தான். ஆனால் அந்த வரியை முழுசாகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயுதம், அதாவது ஃபோர்செப்ஸ், போட வேண்டிய கேஸ் என்றால் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆள். அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இதெல்லாம் படித்தேன்.

ஆண்கள் அதற்கு முன்பும் அந்த அறைக்குள் வந்திருக்கிறார்கள். மருத்துவச்சி கைவிட்ட பிறகு, குழந்தை வயிற்றிலேயே செத்துப்போய், தாயையாவது காப்பாற்ற வேண்டும் என்ற கட்டத்தில் அறுவை வைத்தியரைக் கூப்பிடுவார்கள். அவர் கொக்கி போட்டுத் துண்டு துண்டாக எடுப்பார். வாசலில் ஆண் தலை தெரிந்தாலே எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்டவரை யார் சீக்கிரம் கூப்பிடுவார்கள்?

மானப் பிரச்சினையும் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் டார்பியில் பெர்சிவல் வில்லபி என்று ஒரு வைத்தியர். அவர் மகளே மருத்துவச்சி. ஒரு பிரசவத்தில் மகளுக்குச் சந்தேகம் வந்து அப்பாவைக் கூப்பிட, பிரசவிக்கும் பெண்மணிக்குத் தெரியாமல் இருட்டறைக்குள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு, அப்படியே தவழ்ந்து வெளியே வந்திருக்கிறார். அவரே எழுதி வைத்திருக்கிறார்.

சேம்பர்லென் கதை நீங்கள் சொன்னதுதான். 1670இல் ஹியூ சேம்பர்லென் ரகசியத்தை விற்க பாரிஸ் போனார். அங்கே மோரிசோ என்ற பெரிய வைத்தியர், இடுப்பெலும்பு மிகவும் குறுகலான ஒரு பெண்ணைக் காட்டி, செய்து காட்டு என்றார். மணிக்கணக்கில் போராடியும் முடியவில்லை. அந்தப் பெண் இறந்துபோனாள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விலை பேசப் போன இடத்தில் அவள் வெறும் பரிசோதனைப் பொருள். அந்தக் குடும்பம் ஒளித்து வைத்திருந்த கருவிகள் 1813இல்தான் எசெக்ஸில் ஒரு வீட்டின் பலகைத் தளத்துக்கு அடியில் கிடைத்தன.

ஆனால் 1730களிலேயே எட்மண்ட் சாப்மன் போன்றவர்கள் ஃபோர்செப்ஸைப் பற்றி அச்சில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மாற்றம் அங்கேதான் வருகிறது. தலை சிக்கிக்கொண்ட குழந்தையைச் சில நேரம் உயிரோடு எடுக்கலாம் என்று ஆனதும், கூப்பிடும் நேரம் முன்னால் நகர்ந்தது. குழந்தை சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லையே.

அப்புறம் வில்லியம் ஸ்மெல்லி. ஸ்காட்லாந்துக்காரர், 1739இல் லண்டன் வந்து வகுப்பு எடுத்தார். தோல் போர்த்திய பொம்மைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்ப்பார், பதிலுக்கு மாணவர்கள் நின்று பார்ப்பார்கள். பத்து வருடத்தில் 900க்கு மேல் ஆண் மாணவர்கள், அவர்கள் முன்னிலையில் 1,150 ஏழைப் பெண்கள் என்று அவரே கணக்குச் சொல்கிறார். "யார் சம்மதித்தார்கள்" என்று கேட்டீர்களே, வேறு வழியில்லாத இந்தப் பெண்கள்தான் முதலில்.

காசாளர்:

சிஸ்டர் சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஏழைகள் மேல் கற்றுக்கொண்டார்கள், சரி. ஆனால் தொழிலாக நிலைத்தது பணக்கார வீடுகளால். சிக்கல் எதுவும் இல்லாத சாதாரணப் பிரசவத்துக்கே, மருத்துவச்சியைவிட அதிகக் கட்டணம் கொடுத்து, ஆண் வைத்தியரை முன்கூட்டியே பேசி வைப்பது அந்தஸ்தாகிவிட்டது. அதற்கும் கருவிக்கும் சம்பந்தமே இல்லை. ராணி சார்லட்டுக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் ஹண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். தன் ஃபோர்செப்ஸில் படிந்த துருவைக் காட்டி, பாருங்கள், நான் இதைத் தொடுவதே இல்லை என்று பெருமையடிப்பாராம்.

நூலகப்பூனை:

துரு விஷயம் அருமை! மருத்துவச்சிகள் சும்மாவா இருந்தார்கள் சிஸ்டர்?

லேபர்வார்டு சிஸ்டர்:

சும்மா இருப்பார்களா! 1737இல் சாரா ஸ்டோன் தன் கேஸ்களைப் புத்தகமாகவே போட்டார். செத்த உடல்களை அறுத்துப் பார்த்துவிட்டு உடனே பிரசவம் பார்க்கக் கிளம்பும் பையன்களை அதில் கடிந்துகொள்கிறார். 1760இல் எலிசபெத் நிஹெல் ஸ்மெல்லியை நார்நாராகக் கிழித்தார். ஸ்மெல்லியின் பொம்மையில் இருந்த கர்ப்பப்பை, பீர் நிரப்பி கார்க் அடைத்த பை என்று கேலி. நிஹெல் பாரிஸில் ஓட்டெல் தியூ என்ற மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர். பொறுமையும் கையுமே போதும் என்ற இடத்தில் இரும்பை நுழைக்கிறார்கள் என்பது அவர் வாதம். வார்டில் இருந்தவளாகச் சொல்கிறேன், அது வெறும் பொறாமைப் பேச்சில்லை. ஆனால் ஸ்மெல்லியும் கண்டபடி ஆயுதம் போடச் சொன்னவர் அல்ல, பெரும்பாலான பிரசவம் தானாக நடக்கும் என்றுதான் எழுதினார். சண்டையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் மிகைப்படுத்தின.

காசாளர் ஐயா, நீங்கள் சொன்ன ஹண்டர்கூட 1762இல் ராணியின் முதல் பிரசவத்தின்போது பக்கத்து அறையில்தான் இருந்தார். குழந்தையை எடுத்தது டிரேப்பர் என்ற மருத்துவச்சி. பேச்சு அடங்கவும் இல்லை. 1793இல் ஐசக் குருக்ஷாங்க் வரைந்த கேலிப்படம் தேடிப் பாருங்கள்: ஒரே உடம்பு, பாதி ஆண், பாதி பெண், ஆண் பக்கத்து அலமாரி முழுக்கக் கருவிகள்.

அந்தத் துருப் பெருமைக்கும் ஒரு விலை இருந்தது. 1817இல் அந்த ராணியின் பேத்தி, இளவரசி சார்லட்டுக்கு ஐம்பது மணி நேர வலி. பார்த்தவர் ரிச்சர்ட் கிராஃப்ட். கருவி கையில் இருந்தும் போடவில்லை. குழந்தை இறந்தே பிறந்தது, சில மணி நேரத்தில் இளவரசியும் போனார். சில மாதங்களில், 1818 பிப்ரவரியில், கிராஃப்ட் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

உங்கள் பாடத்துக்கு இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டராக ஆண்கள் எப்போதோ வந்துவிட்டாலும், மருத்துவச்சி வேலைக்கே ஆண்கள் பயிற்சி பெற்றுப் பதிவு செய்ய பிரிட்டனில் தடையில்லாமல் வழி திறந்தது 1983இல்தான்.