பிறந்ததும் அழாத பிள்ளை, 7 மாசத்துல ஒரு கை மட்டும்

பாம்பன் கரை: உறவுல ஒரு பையன், நிறைமாசம். பிறந்து 5 நிமிஷம் மூச்சு வரல. இப்ப கிலுகிலுப்பையை வலது கையால மட்டும்தான் எடுக்கிறான். விட்டுறலாமா?

தொண்டி பிசியோ: விடாதீங்க. ஒரு வயசுக்குள்ள கைப்பழக்கம் வரக் கூடாது. இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ளயே மடங்கிக் கிடக்கா? மூச்சுத்திணறல் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் பாதிக்கும். ஒரு பக்கம்னா பச்சப்பிள்ளைப் பக்கவாதமாவும் (பிறக்கிற சமயத்துல மூளைக்கு ரத்த ஓட்டம் தடைபடறது) இருக்கலாம். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில காட்டி, எம்ஆர்ஐ மூளை ஸ்கேன் பத்திக் கேளுங்க.

மண்டபம் செவிலி: மூச்சு திரும்பினதும் மூளை செல் கொஞ்சம் தேறும், சில மணி நேரத்துல ரெண்டாம் சுற்றுல சாகும். அதைத் தடுக்கத்தான் பிள்ளை உடம்பைக் குளிரூட்டறதை, பிறந்து 6 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது, 33.5 டிகிரி செல்சியஸ், 72 மணி நேரம். இப்ப அதுக்கு வேளை போச்சு, பயிற்சிதான்.

கீழக்கரை: பின்னாடி நடந்துட்டான்னு பயிற்சியை நிறுத்திராதீங்க. ஞாபகத்துக்கான மூளைப் பகுதி, ஹிப்போகாம்பஸ், ஆக்சிஜன் குறைஞ்சா தாங்காது. மறதி, கவனச்சிதறல் எல்லாம் ஸ்கூல்லதான் தெரியும். காது டெஸ்ட் எடுத்தாச்சா?