சிக்னலில் நிற்கும்போது பிரேக் பெடல் மெதுவாக இறங்குகிறது – 1998 மாருதி 800

சேலம்800:
அப்பா வாங்கிய வண்டி, பூஸ்டர் (எஞ்சினின் வேக்குவத்தால், அதாவது வெற்றிடத்தால், மிதிக்கு விசை கூட்டும் பாகம்) உள்ள மாடல். ஓடும்போது பிரேக் பிடித்தால் ஒழுங்காகத்தான் நிற்கிறது. ஆனால் சிக்னலில் காலை லேசாக வைத்துக்கொண்டு நின்றால், ஈர மணலில் கால் புதைவது மாதிரி பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அரை நிமிடத்தில் கிட்டத்தட்ட தரையைத் தொட்டுவிடுகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் பழையபடி மேலே நிற்கும். பிரேக் ஆயில் குறையவில்லை, டப்பாவில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு 10 நாளாகப் பார்த்துவிட்டேன். இங்கே ஒரு பட்டறையில் இரண்டு தடவை ஏர் எடுத்தார்கள் (பிரேக் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றினார்கள்), அதற்கப்புறம் முன்பைவிட வேகமாக இறங்குகிறது. அடுத்த வாரம் அப்பா அம்மாவை ஏற்காடு கூட்டிப்போக வேண்டும், 20 கொண்டை ஊசி வளைவு. இந்த வண்டியில் போகலாமா?

பட்டறை_மதுரை:
போகாதீர்கள் தம்பி. சரி செய்கிற வரைக்கும் ஊருக்குள்ளும் எடுக்க வேண்டாம்.

ஏர் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், நாலு தடவை பம்ப் செய்தால் கெட்டியாகும். பின் டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால் முதல் மிதிக்குக் கீழே போகும், இரண்டாவது மிதிக்கு மேலே வந்து அப்படியே நிற்கும். உங்களுடையது இரண்டும் இல்லை. கால் அசையாமல் இருக்கும்போதே இறங்குகிறது என்றால் அழுத்தத்தில் இருக்கிற ஆயில் எங்கோ தப்பிக்கிறது. வெளியே போனால் டப்பாவில் குறைய வேண்டும். குறையவில்லை என்பதால், மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம்) ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப்பைத் தாண்டித் திரும்பவும் டப்பாவுக்கே போகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

வேகத்தில் பிரேக் நன்றாகப் பிடிப்பதற்கும் இதுதான் காரணம். ஓங்கி மிதிக்கும்போது அந்த அழுத்தமே கப்பின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். லேசாக மிதித்தால் தேய்ந்த உதடு ஒட்டாது, ஆயில் கசியும். அதனால் ஓட்டிப் பார்க்கிறவர் "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நீங்களே பார்க்கலாம். சமதரையில் எஞ்சினை நிறுத்தி, பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் போகிற மாதிரி ஐந்தாறு தடவை மிதியுங்கள். பிறகு லேசாக, ஒரே அளவில் அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். இறங்கினால் பூஸ்டரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் ஒரு விரல் அளவு இறங்கி நிற்கும், அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஏர் எடுத்தபின் மோசமானதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தினமும் பெடல் பாதி தூரம்தான் போகும், சிலிண்டருக்குள் அதைத் தாண்டிய பகுதியில் வருடக்கணக்காகத் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது தரைவரை மிதித்தால் கப் அந்தத் துருவில் உரசிக் கிழிகிறது. பழைய வண்டி என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுத்தான் நான் ஏர் எடுப்பேன்.

கோவை_டிரைவர்:
அண்ணன் சொல்வது சரி. ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். என் வண்டியில் ஆயில் குறைந்தது, ஆனால் கீழே ஒரு சொட்டுகூட இல்லை. நாலு சக்கரத்தையும் கழற்றி, வீல் சிலிண்டரின் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் சின்ன சிலிண்டர்) தூசி ரப்பரை விலக்கிப் பார்த்தேன், எல்லாம் காய்ந்து கிடந்தது. கடைசியில் மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைக் கழற்றி, பைப்பைத் தொடாமல் சிலிண்டரைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்பக்கம் விரலை விட்டுத் தடவினால் சொதசொதவென்று இருந்தது. பின் சீல் போய், ஆயில் முழுக்கப் பூஸ்டருக்குள் இறங்கியிருக்கிறது. நீங்களும் அங்கே ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

மலைப்பாதை:
கையோடு ஆயிலையும் முழுசாக மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 தான். டாட் 4 என்றால் 230, 155. இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகி, அப்போதும் பெடல் தரைக்குப் போகும், ஆனால் அது வேறு நோய். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். எஞ்சின் ஆயிலைத் தவறிக்கூட அந்த டப்பாவில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிவிடும்.

சேலம்800:
எல்லோருக்கும் நன்றி. எஞ்சினை நிறுத்திச் சோதித்தேன். லேசாக மிதித்தால் 40 வினாடியில் தரை, ஓங்கி மிதித்தால் அசையவே இல்லை, அண்ணன் எழுதியபடியே. பின்பக்கம் விரல் விட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. நேற்று வேறொரு பட்டறையில் சிலிண்டரைப் பிரித்தோம். முன் கப்பின் உதட்டில் நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு, சிலிண்டருக்குள் டார்ச் அடித்தால் பாதிக்கு மேல் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பு. கிட் (புது ரப்பர் கப் செட்) மட்டும் போட்டால் போதுமா அண்ணா?

பட்டறை_மதுரை:
வேண்டாம். உள்சுவர் அரித்திருந்தால் புதுக் கப்பும் சில மாதத்தில் அதே இடத்தில் கிழியும். முழு சிலிண்டராகவே வாங்குங்கள். வண்டியில் மாட்டும் முன் வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, ராடைச் சிறிது சிறிதாகத் தள்ளிக் குமிழி நிற்கும்வரை ஏர் எடுக்கச் சொல்லுங்கள். மாட்டியதும் பைப் நட்டில் கசிவு இருக்கிறதா என்று காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள், அப்புறம் அதே ஒரு நிமிடச் சோதனை. ஏற்காட்டுக்கு முன் நாலு நாள் ஊருக்குள் ஓட்டி, அந்த ஸ்கெட்ச் கோட்டையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.