கட்டெறும்புக் கூடு செய்தவர்கள் எழுதுங்கள்: பிளாஸ்டரா, ஏஏசி கல்லா?

எறும்பு வளர்க்கும் நம்மில் பலரிடம் மழைக்குப் பின் பிடித்த ராணி எறும்புகள் இப்போது சோதனைக் குழாயில் முதல் வேலைக்கார எறும்புகளோடு இருக்கின்றன. அடுத்த கேள்வி கூடு: பிளாஸ்டரில் வார்ப்பதா, ஏஏசி என்ற காற்றூட்டிய இலகு கான்கிரீட் கல்லில் குடைவதா? பேச்சு காம்பனோட்டஸ் கம்ப்ரெஸஸ் பற்றி மட்டும் இருக்கட்டும். நம் வீட்டுச் சுவரோரம் ஊரும் அதே பெரிய கருப்புக் கட்டெறும்பு. எழுதுபவர்கள் அளவையும் காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள். "நன்றாக வந்தது" என்பதால் யாருக்கும் கூடு கட்ட வராது.

மதுரை – பிளாஸ்டர் கூடு

பிளாஸ்டரில் வார்ப்பதுதான் என் தேர்வு. கண்ணாடியோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டி வரும் முகம் வேறு எதிலும் இவ்வளவு எளிதில் கிடைக்காது.

150 × 100 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்றைச் சமதளத்தில் வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணில் அறைகளையும் வழிகளையும் உருட்டி அதன்மேல் அழுத்துங்கள். அறைகள் 10 மி.மீ. ஆழம், வழிகள் 8 மி.மீ. அகலம். இந்த இனத்தின் பெரிய வேலைக்காரிகள் ஒன்றரை சென்டிமீட்டரை நெருங்கும். இதைவிடக் குறுக்கினால் கூட்டுப்புழுவைத் தூக்கிக்கொண்டு திரும்ப முடியாமல் திணறும். ஆழத்தை 15 மி.மீ. ஆக்கினாலோ உள்ளே என்ன நடக்கிறதென்றே சரியாகத் தெரியாது.

ஒரு முனையில் 30 மி.மீ. இடத்தை அறை வைக்காமல் விடுங்கள். தண்ணீர்க் குழிக்கான இடம் அது. வார்த்த பிளாஸ்டர் இறுகத் தொடங்கும்போது, களிமண் சுற்றிய சின்ன மூடி ஒன்றை மேலிருந்து 15 மி.மீ. ஆழத்துக்கு அழுத்தினால் போதும். குழிக்கும் முதல் அறைக்கும் நடுவே குறைந்தது 10 மி.மீ. சுவர் இருக்க வேண்டும். மெலிந்தால் தண்ணீர் நேரே அறைக்குள் கசியும்.

30 மி.மீ. உயரத்துக்கு 500 கிராம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், 325 மி.லி. தண்ணீர். தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்கி, ஊற்றிய பின் மேசையைத் தட்டிக் காற்றுக்குமிழ்களை வெளியேற்றுங்கள். குமிழ் நின்ற இடத்தில்தான் பிறகு எறும்புகள் கடிக்கத் தொடங்கும். மூட்டை பிரித்து நாளான பொடி ஈரம் குடித்திருக்கும், சரியாக இறுகாது. புது பாக்கெட்டே வாங்குங்கள். கண்ணாடிக்கு எண்ணெய் பூசாதீர்கள். அது பிளாஸ்டரின் துளைகளை அடைத்துவிடும், பின்னால் தண்ணீர் பரவாது.

வார்ப்பு சூடாகி ஆறிய பிறகு கண்ணாடியை விலக்கிக் களிமண்ணைத் தோண்டி எடுங்கள். அடுத்தது உலர்த்தல். இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். ஊற்றிய 325 மி.லி.யில் ஏறத்தாழ 90 மி.லி. மட்டுமே பிளாஸ்டரோடு வேதியியல்படி சேர்ந்து இறுகும். மிச்சம் 230 மி.லி.க்கு மேல் ஆவியாகப் போக வேண்டும். ஆகவே நாள் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசு போதும்: 825 கிராமில் தொடங்கிய வார்ப்பு 600 கிராமுக்கு அருகே வந்து, அடுத்தடுத்த நாட்களில் எடை மாறாமல் நின்றால்தான் காய்ந்தது என்று பொருள். சீக்கிரம் காய அடுப்பில் வைக்காதீர்கள். சூடு கூடினால் இறுகிய பிளாஸ்டரே தன் நீரை இழந்து பொடியத் தொடங்கும். நிழலும் மின்விசிறியும் போதும்.

ஒரு முனையில் தண்ணீர், மறுமுனை உலர்வு என்ற இந்த அமைப்பு புதிதல்ல. பிரான்சின் சார்லஸ் ஜானே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இப்படிப் பிளாஸ்டர் கூடுகளில் எறும்புகளை வைத்து ஆராய்ந்தவர்.

கோவை – ஏஏசி கல்

வீடு கட்டும் இடங்களில் உடைந்து கிடக்கும் இலகுவான ஏஏசி கல் துண்டே போதும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ரம்பத்தால் அறுத்து, பழைய ஸ்க்ரூடிரைவரால் குடையலாம். கல்லை நனைத்துக்கொண்டு, முகமூடி போட்டு வேலை செய்யுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. குடைந்த முகத்தைத் தரை ஓட்டின்மேல் விரித்த 120 எண் உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள். கண்ணாடிக்கு அடியில் ஒரு மி.மீ. இடைவெளி இருந்தாலும் வேலைக்காரிகள் அதைக் கண்டுபிடித்துக் கடித்துப் பெரிதாக்கும்.

சிமெண்டும் சுண்ணாம்பும் சேர்ந்த கல் என்பதால் காரத்தன்மை உண்டு. ஒரு வாரம் தண்ணீரில் போட்டு, நாள்தோறும் தண்ணீரை மாற்றி, பிறகு முழுக்க உலர்த்துங்கள். கடித்துக் குடைவதை இது பிளாஸ்டரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் தண்ணீரை வேகமாகக் குடித்து நெடுந்தூரம் பரப்பும். பிளாஸ்டரில் ஊற்றும் அளவை இதில் ஊற்றினால் உலர்ந்த பக்கம் என்று ஒன்றே இருக்காது.

கண்ணாடியை சிலிகானால் ஒட்ட வேண்டாம், கிளிப் போட்டால் போதும். பின்னால் திறக்க வேண்டிவரும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு சிலிகானைத் தவிர்த்துவிட்டு, புளிப்பு வாடை முழுதும் போகும்வரை காத்திருங்கள்.

திருச்சி – ஒரு கேள்வி

அண்ணா, வாரம் எத்தனை தடவை தண்ணீர் விடணும்? என் கூட்டில் கண்ணாடி முழுக்க வியர்த்து நிற்குது. எறும்பெல்லாம் வாசல் பக்கமே கும்பலா இருக்கு.

மதுரை – பதில்

தம்பி, கணக்கு வாரத்தில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. பிளாஸ்டர் நனைந்த இடம் கருத்துத் தெரியும். கூட்டின் மூன்றில் ஒரு பங்கு கருத்திருந்தால் போதும்; அது வெளுத்து வரும்போது 3 முதல் 5 மி.லி. சிரிஞ்சால் குழியில் விடு. அடைமழைக் காலத்தில் பல நாள் தேவையே படாது.

எறும்புகள் வாசலில் கூடுவதுதான் உனக்கான பதில். கட்டெறும்பு ஓரளவு உலர்வை விரும்பும் இனம். முட்டையையும் சின்னப் புழுக்களையும் ஈரத்துக்கு அருகே வைக்கும், பட்டுக்கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்களை உலர்ந்த அறைக்கு மாற்றும். இரண்டு பக்கமும் இருந்தால் தேர்வை அதுவே செய்துகொள்ளும். நம் ஊர்க் கூடுகளில் வறட்சியைவிட அதிக ஈரமே பெரிய ஆபத்து: பூஞ்சை பிடிக்கும், சிற்றுண்ணி பெருகும். இப்போது தண்ணீரை முழுக்க நிறுத்து, கூடு தானாக வெளுக்கட்டும். ஏசி அறையில் வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடு, கண்ணாடி குளிர்ந்தாலே உள்ளே வியர்க்கும். வெயிலில் மட்டும் வைக்காதே. கண்ணாடிக்கு அடியில் சில நிமிடங்களிலேயே வெந்துவிடும்.

நாகர்கோவில் – தப்பிக்காமல் இருக்க

கூட்டோடு இணைத்து இரை வைக்கும் பெட்டிக்கு மூடி இருந்தாலும் தடுப்புப் பூச்சு வேண்டும். டால்க் பவுடரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கெட்டிப் பாலின் பதத்துக்குக் கலந்து, உட்சுவரின் மேல் 5 செ.மீ.க்குப் பஞ்சால் பூசுங்கள். ஆல்கஹால் ஆவியானதும் நிற்கும் வெண்படலத்தில் எறும்பின் கால் பிடிக்காது. பாக்கெட்டில் டால்க் என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில குழந்தைப் பவுடர்கள் சோளமாவு. அடுப்பருகே இதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். கடலோர ஈரக்காற்றில் படலம் சீக்கிரம் பிசுபிசுக்கும், மழைக்காலத்தில் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். தேங்காயெண்ணெய் தடவுவதை விட்டுவிடுங்கள்; வெயிலில் வழிந்து கீழே இறங்கி எறும்புகளையே மூழ்கடிக்கும். மூடியில் காற்றுத் துளைக்கு நைலான் வலை போதாது, கடித்துவிடும். நெருக்கமான ஸ்டீல் வலை வையுங்கள்.

உள்ளே இருப்பது தப்பிப்பதைவிட, வெளியே இருப்பது நுழைவதுதான் இங்கே அதிகம். வீட்டுச் சிற்றெறும்புகள் சர்க்கரைத் தண்ணீர் வாசத்துக்கு வந்து முட்டைகளையும் புழுக்களையும் தூக்கிப் போய்விடும். உணவு அலமாரிக் கால்களுக்கு நம் வீடுகளில் வைத்த தண்ணீர்க் கிண்ணங்களையே பெட்டியின் மேசைக்கும் வையுங்கள், சோப்பு ஒரு சொட்டு விட்டு. எறும்பு சாக்பீஸும் பூச்சி ஸ்ப்ரேயும் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. ஸ்ப்ரேயில் செத்த கரப்பானை இரையாகப் போட்டால் குடியிருப்பே போய்விடும்.

சேலம் – குடிமாற்றம்

இருபது முப்பது வேலைக்காரிகள் சேரும்வரை சோதனைக் குழாயே நல்ல கூடு. அதற்கு முன்னால் பெரிய கூடு கொடுத்தால் காலி அறைகளில் குப்பையையும் இரை எச்சத்தையும் குவிக்கும், பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். வார்த்த கூடு பெரியதென்றால் பாதி வழிகளைப் பஞ்சால் அடைத்து வைத்துப் பிறகு திறந்துவிடலாம்.

இணைப்புக்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் நன்றாக இருக்கிறது, 10 முதல் 12 மி.மீ. உள்விட்டம். குழாயின் வாயில் பஞ்சைச் சுற்றி அதன் நடுவே டியூபைச் செருகி, வெளியே டேப்பால் இறுக்குங்கள். கூட்டைக் கருப்பு அட்டையால் மூடிவிட்டு, சோதனைக் குழாயின் மேலுறையை எடுத்து வெளிச்சத்தில் விடுங்கள். அவ்வளவுதான். தட்டிக் கொட்டாதீர்கள், குழாயைச் சூடாக்காதீர்கள். பதறிய கூட்டம் முட்டைகளைக் கீழே போட்டுவிடும், சில நேரம் தானே தின்றும் விடும். ஒரே இரவில் மாறுவதும் உண்டு, குழாயின் தண்ணீர் வற்றும்வரை அசையாமல் இருப்பதும் உண்டு. ராணி கடைசியில்தான் வரலாம்.

மாறிய பிறகு முதல் வாரம் அட்டையை எடுத்துப் பார்க்காமல் இருப்பது நல்லது. சிவப்புத் தாள் ஒட்டினால் எறும்புக்கு இருட்டாகத் தெரியும் என்பது ஓரளவு சரி. ஆனால் கடையில் கிடைக்கும் மெல்லிய சிவப்புத் தாள் மற்ற நிற ஒளியையும் விடும். இரண்டு மூன்று மடிப்பாவது வேண்டும். இரையை எப்போதும் பெட்டியில் மட்டுமே வையுங்கள், கூட்டுக்குள் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீருக்கு சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு; இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள், புளித்துவிடும். மறுநாள் மீந்த பூச்சித் துண்டை எடுத்துவிடுங்கள்.