மறு: வான்டன் 'ரேப்பர்', 'கப்' – தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். விருந்துக்கான சிறுதீனிகள் பற்றிய அமெரிக்கச் சமையல் நூலொன்றை மொழிபெயர்த்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். 'வான்டன்' (மெல்லிய மாவில் பூரணம் பொதிந்த சீனப் பண்டம்) அப்படியே இருக்கட்டும். சிக்கல் 'ரேப்பர்', 'கப்' என்ற இரண்டு சொற்களில்தான். 9 செ.மீ. சதுரமாக வெட்டி அடுக்கி விற்கும் பச்சை மாவுத் துண்டு ஒன்று. அதைச் சிறிய மஃபின் தட்டின் குழியில் அழுத்தி, அவனில் (oven) சுட்டதும் கிடைக்கும் மொறுமொறுப்பான கிண்ணம் மற்றது. இரண்டையும் 'உறை' என்றே எழுதியிருந்தேன். வெறும் உறையை 180 டிகிரியில் 6 நிமிடம் சுட்டு, பிறகுதான் பூரணம் வைத்து மேலும் 8 நிமிடம் சுட வேண்டும். ஒரே சொல் இருந்தால் பச்சை உறையிலேயே பூரணத்தை வைத்துவிடுவார்கள். ஈரம் இறங்கி அடிப்பக்கம் வெளுத்துத் தோல்போல் ஆகிவிடும்.

—

கன்டனீஸில் 'முகில்', 'விழுங்கு' என்ற இரண்டு எழுத்துகளால்தான் வான்டனை எழுதுகிறார்கள். நம்மிடம் முகிலுக்குக் 'கொண்மூ' என்ற பழஞ்சொல் இருக்கிறதே! நீரைக் கொள்வதால் கொண்மூ. பூரணத்தைக் கொள்வதால் இது 'கொண்மூவடை'. முகிலும் முகத்தலில் பிறந்தது என்பார்கள்.

—

ஐயா, அந்தப் பெயர் சூப்பில் மிதக்கும் வான்டனுக்குப் பொருந்தும். அவனில் சுட்டது எங்கே மிதக்கிறது? சிங்கப்பூர்த் தமிழர் 'வான்டன் மீ' (வான்டன் சேர்த்த நூடுல்ஸ்) என்றே சொல்லிச் சாப்பிடுகிறார்கள். கொழுக்கட்டைக்குக் கிண்ணம்போல் செய்வதைப் பல வீடுகளில் 'சொப்பு' என்பார்கள். அதையே எடுத்தால் என்ன?

—

சொப்பு சரி, பூரணம் ஏன்? வடசொல். தொல்காப்பிய உரியியல் 'கவவு அகத்திடுமே' என்கிறது, அதாவது கவவு என்றால் உள்ளே இடுவது. மதுரைக்காஞ்சியில் 'கவவொடு பிடித்த வகையமை மோதகம்'. உள்ளே வைப்பதற்கு இவ்வளவு பழைய, சின்னச் சொல்லை விடலாமா?

—

சமையல் வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். கவவு அழகான சொல்தான். ஆனால் ஒவ்வொரு குறிப்பிலும் விளக்க வேண்டியிருக்கும். பூரணம் என்றால் கேள்வியே வராது. பச்சைத் துண்டுக்கு 'மாவிதழ்' வையுங்கள். மெல்லியது, காற்றுப்பட்டால் காய்ந்து ஓரம் வெடிப்பது என்பதைப் பெயரே உணர்த்தும். ஈரத்துணி மூடச் சொன்னால் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இரண்டு பக்கமும் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். தடவாத இடம் சிவக்காது, மாவு மாவாக நிற்கும். குழிக்கு வெளியே நீட்டும் நான்கு முனைகள்தாம் முதலில் கருகும், அவற்றைப் பார்த்தே நேரம் வைக்க வேண்டும். முட்டைக்கோஸ் சேர்த்தால் உப்பிட்டுப் பிழிந்து, வதக்கி, ஆறவிட்டு, சொப்புக்கு ஒரு தேக்கரண்டி. பரிமாறும் நேரத்துக்குத்தான் நிரப்ப வேண்டும். முன்கூட்டி நிரப்பினால் நமத்துவிடும்.

—

நன்றி அம்மா. மாவிதழ், வான்டன் சொப்பு, பூரணம். பெரும்பாலோர் இதற்கே இசைந்திருப்பதால் இப்படியே அனுப்புகிறேன்.

—

அனுப்புங்கள். ஆனால் 'செப்பு' என்று எழுதுங்கள். செம்பு சொம்பானதுபோல்தான் செப்பு சொப்பானது. அச்சில் மூலவடிவம் நிற்கட்டும். சொல்லடைவிலாவது கவவுக்கு ஒரு வரி கொடுங்கள்.