எண்ணெய் பனை தண்டுல பலகை அறுக்க முடியுமா?

மரத்தூள்:
வயசான எண்ணெய் பனை சிலதை சாய்ச்சாங்க, தண்டு சும்மா கிடக்குதேன்னு ஒண்ண அறுத்துப் பார்த்தோம். ஓரத்துல வந்த பலகை பரவால்ல, நடுவுல எடுத்தது காயக் காய குழி விழுந்து முறுக்கிக்கிச்சு, மேல கறுப்பா பூசணம் வேற. தென்னையில சட்டம் போடுறோம்ல, இதுல மட்டும் ஏன் இப்படி?

ஈர்க்குச்சி:
இது ஒருவித்திலை பாஸ், அதாவது புல், தென்னை வகையறா, தேக்கு கணக்கா பார்க்கக் கூடாது. கேம்பியம், அதாவது தண்ட வருஷா வருஷம் பெருக்க வைக்கிற செல் அடுக்கு கிடையாது, வருஷ வளையம் இல்ல, கிளை இல்லாததால கணுவும் இல்ல. வெட்டுன முகத்த லென்ஸ் வச்சுப் பாருங்க, புள்ளி புள்ளியா தெரியறது நார்க்கட்டு, அதச் சுத்தி இருக்கிறது பாரன்கைமா, அதாவது மெத்துனு இருக்கிற சோறு. ஓரத்துல புள்ளி நெருக்கமா இருக்கும், நடுவுல அங்கொண்ணு இங்கொண்ணு. அதனால காய்ஞ்ச அடர்த்தி நடுவுல கன மீட்டருக்கு 200 கிலோ சொச்சம்னா ஓரத்துல 500, 600 வரைக்கும் போகும். ஈரம் அப்படியே தலைகீழ், நடுவுலயும் உச்சியிலயும் காய்ஞ்ச எடையப் போல மூணு நாலு மடங்கு தண்ணி நிக்கும். அது வெளியேறும்போது சோத்து செல்லோட மெல்லிசு சுவர் உள்ள அமுங்கிடுது, நார் அமுங்காது, அதான் குழி.

ரம்பக்காரன்:
+1. பூசணத்துக்கு காரணம் மாவுச்சத்தும் சர்க்கரையும், சோறு பூரா அதுதான். சாய்ச்சதும் அறுத்து சீக்கிரம் காயவச்சா கொஞ்சம் தப்பிக்கலாம். அடிப்பக்கத்து ஓரத்த மட்டும் எடுங்க. உள்ள சிலிக்கா, அதாவது மணல்ல இருக்கிற கடினமான பொருள் இருக்கு, ரம்பப் பல்லு சீக்கிரம் மழுங்கும், சொல்லிட்டேன். மலேசியாவுல தண்ட உரிச்சு ப்ளைவுட் போடுறாங்க.

மரத்தூள்:
அப்ப தென்னை? எண்ணெய் பனை மட்டைய வச்சு ஏதாச்சும் பண்ணலாமா?

ஈர்க்குச்சி:
தென்னையிலயும் நடு சோறுதான், ஆனா முத்துன மரத்தோட ஓரம் இதவிட ரொம்ப கெட்டி. எண்ணெய் பனை மட்டை மரத்துக்கு வருஷம் 20க்கு மேல வரும், ஒவ்வொண்ணும் 7 மீட்டர் வரைக்கும் கூட போகும், அடிக்காம்புல ரெண்டு ஓரமும் முள்ளு. அதுவும் தண்டு மாதிரிதான், வெளித்தோல் கெட்டி, உள்ள நாரும் சோறும். பலகைக்கு ஆகாது, நறுக்கி மாட்டுக்குப் போடலாம், இல்ல வரிசைக்கு நடுவுல அடுக்கி விட்டா பொட்டாசியம் மண்ணுக்கே திரும்பும்.

ரம்பக்காரன்:
மிச்ச தண்ட முழுசா போட்டு வைக்காதீங்க. அழுகுற தண்டுலதான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், அப்புறம் இளங்கன்னோட குருத்த துளைச்சிடும். துண்டு துண்டா சிதைச்சுப் பரப்பிடுங்க.