திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை: உதாசீனம் பற்றி உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

அம்மாவின் ரிப்போர்ட் வாங்க மருத்துவமனை கவுண்டரில் நின்றிருந்தேன். உள்ளே இருந்தவர் திட்டவில்லை, விரட்டவில்லை. மூன்று முறை கேட்டும் தலை நிமிரவில்லை, அவ்வளவுதான். ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி, தாளில் குத்தி, மறுபடி ஒற்றிக்கொண்டே இருந்தார். நான்காவது முறை கேட்க வாய் வரவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். வாயே திறக்காதவரிடம் எதைப் பிடித்துச் சண்டை போடுவது? வெளியே வந்ததும் அம்மா "என்னப்பா ஆச்சு?" என்றார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்தார்!

*

உதாசீனம் என்ற வடசொல்லுக்கு மூலப்பொருள் 'ஒதுங்கி உட்கார்ந்திருப்பது'. இதைப் படித்ததும் எங்கள் ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. மீட்டிங் நடுவே வயர் கருகும் வாடை. எட்டுப் பேருக்கும் மூக்கு இருந்தது, ஒருவரும் எழவில்லை. நானும்தான். 1968இல் லட்டானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் வேண்டுமென்றே புகை விட்டுப் பார்த்தார்களாம். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து சொன்னார்கள். அசையாமல் இருக்கச் சொல்லி வைத்த இருவரோடு உட்கார்ந்தவர்களில் சொன்னது 10 சதவீதம்தான். அலட்சியமும் தொற்றும் போல.

*

முதலில் எழுதியவர் சொன்னாரே, நான் அந்த கவுண்டர்காரர் கட்சி. என் மகளுக்கு ஆறு வயது. படம் வரைந்து எடுத்து வந்தாள். போனைப் பார்த்தபடியே "ம், சூப்பரா இருக்குடா" என்றேன். போகாமல் நின்றாள். நிமிர்ந்து பார்த்தால், தாளின் வெற்றுப் பக்கத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறாள்! படம் அவள் பக்கம் இருந்தது.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் செய்த சோதனையைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று முகத்தைக் கல்லாக்கிக்கொள்வார், சில நிமிடம்தான். சில மாதக் கைக்குழந்தை முதலில் சிரித்து, கையை நீட்டி அவரை இழுக்கப் பார்க்கும். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிப்பா" என்றாள். இப்போது படம் வரைந்தால் நேரே பாட்டியிடம் போகிறாள்.